ஆறட்டும்

பானட்டில் கை வைத்தேன்.
இட்லிப் பானை மூடிபோலச் சுட்டது.
"நேத்துலேந்து எடுக்கவே இல்ல" என்று
அப்போதுதான் சொல்லி வாய் மூடியிருந்தார்
தரகர் தனகோட்டி.
ஆறட்டும் என்றேன்.
"இன்னாம்மா, வண்டி ராஜா மாரி கீது,
ஏறி ஒக்காரு."
ஆறட்டும். ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள்.

ஆம்பூர் கம்பெனியில் பத்தொன்பது வருடம்
ஷூவில் குறை தேடிய கண் இது.
ஒரு தையல் தாண்டியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர்.
பசை நூலளவு பிதுங்கியிருந்தால்
சிவப்பு ஸ்டிக்கர்.
கணக்கு முடித்துக் கொடுத்த பி.எஃப். பணம்
கைப்பைக்குள், துண்டில் சுற்றி.
டிராக்டருக்கு நான் புதுசு.
கிளட்ச் எந்தக் கால் என்பதே
போன மாதம்தான் தெரியும்.
ஆனால் வாடகை டிராக்டர்
மழை பெய்து ஐந்தாம் நாள்,
ஈரம் போன பிறகு வரும் என்பது
நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை. எதிரே பொய்கைச் சந்தை.
காளையின் உதட்டைப் பிரித்து
ஒருவர் பல் எண்ணிக்கொண்டிருந்தார்.
வண்டிக்குப் பல் கியர் பெட்டிக்குள்.
மணி காட்டும் முள்
இரண்டாயிரத்து நூற்று நாற்பதில்
எந்த ஆட்சியில் நின்றதோ.

சும்மா சுற்றி வந்து பார்த்தேன்.
மேசி, நான் பிறந்த வருடத்து மாடல்,
தலை முதல் கால் வரை புதுச் சிவப்பு.
நட்டின் மேல் சிவப்பு.
கிரீஸ் அடிக்கும் வாயிலும் சிவப்பு.
ரப்பர்க் குழாயின் வெடிப்புக்குள்ளும்
ஓடி உறைந்திருந்தது சிவப்பு.

இவ்வளவு பெரிய ஸ்டிக்கரை
கம்பெனியில்கூட நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு ஆறியது.
சாவியைத் திருப்பினார்கள்.
இருமியது. மறுபடி இருமியது.
"வெயிலு ஜாஸ்திம்மா" என்றார் தனகோட்டி.

*

ஒடுகத்தூரில் முனிரத்தினம்
என்னிடம் எதையும் புகழவில்லை.
தென்னைக்கு நடுவே நின்றது.
என்ன நிறம் என்று கேட்டால்
அவருக்கே யோசிக்க வேண்டியிருந்தது.
"செல்ஃப் எடுக்காது, சரிவுல நிறுத்தணும்.
ஸ்டியரிங் கால் சுத்து சும்மா சுத்தும்.
லிஃப்ட் தூக்கும், தூக்கினத
மெதுவா கீழ வுட்டுடும், என்னாட்டம்."
பானட் சில்லென்றிருந்தது.
அளவுகோலை உருவி
ஆயிலை இரு விரலுக்கிடையில் தேய்த்தேன்,
தோலின் மெருகு பார்ப்பதுபோல.
கறுப்புதான். மணல் இல்லை.
பால் கலந்த நிறம் இல்லை.
இரண்டு பையன்கள் தள்ள, உருண்டு, உதறி,
ஒரு கறுப்புப் புகை.
பிறகு புகையே தெரியவில்லை.

சீட்டில் உட்கார்ந்தேன்.
என் முழங்கால் கிளட்சுக்கு எட்டியது.
இதை யாரும் சொல்லித் தரவில்லை,
முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

ஆர்.சி. புத்தகம் அவர் அண்ணன் பேரில்.
அண்ணன் இல்லை.
அண்ணன் பிள்ளைகள் மூவர்,
ஒருத்தி சித்தூரில்.
ஐயாயிரம் முன்பணம் கொடுத்து
கையெழுத்துக்குக் காத்திருந்த பதினோரு நாளில்
மழை வந்தது, போனது.
ஈரத்தை இந்த முறையும் விட்டேன்.
காகிதத்தை விடவில்லை.

*

ஓட்டி வந்த அன்று
பள்ளிகொண்டா தாண்டுவதற்குள்
பதினேழு பஸ் ஹாரன் அடித்தது.
எண்ணினேன்,
பின்னால் திரும்பத்தான் துணிவில்லை.

"லோன் போட்டுப் புதுசு எடுக்கறதுக்கு இன்னா?"
இன்னும் கேட்கிறார்கள்.
மாதத் தவணைக்கு எந்த மேட்டில்
வண்டியை நிறுத்துவது?

என் இரண்டு ஏக்கரில் மேடு கிடையாது.
ஏரிக்கரைச் சரிவில் விடுகிறேன், இரவெல்லாம்
பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்.
காலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டு
பக்கத்து நிலத்துக் கோமளாவைக் கூப்பிடுகிறேன்.
அவள் கல்லை இழுக்கிறாள்.
காலை எடுக்கிறேன்.
உருளும் அந்த எட்டு பத்து அடியும்
சத்தமே இல்லை.

கிளட்சை விடுகிறேன்.